பல் உள்வைப்பு: எலும்பு எப்போது தயார்?

திருவான்மியூர், அடையாறு, பெசன்ட் நகர் பகுதிகளிலிருந்து எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் அறுபது வயதைக் கடந்தவர்கள் கணிசமானோர். அவர்களுள் பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் வசிக்கிறார்கள். டிசம்பர், ஜனவரி விடுமுறையில் வந்து சில வாரங்கள் தங்கிச் செல்கிறார்கள். அந்த நாட்களில் எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "பையன் ஊருக்குத் திரும்புவதற்குள் அம்மாவுக்குப் பல் கட்டி முடித்துவிட முடியுமா, டாக்டர்?" இதற்கு இணையான வேறொரு கேள்வியும் உண்டு: "உள்வைப்பைப் பதித்துவிட்டீர்கள். வலியும் இல்லை, ஆட்டமும் இல்லை. பிறகு ஏன் இன்னும் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறீர்கள்?"

இரண்டும் நியாயமான கேள்விகள். மெல்ல முடியாமல் குழைந்த சோற்றையும் கஞ்சியையும் மட்டுமே உண்டு நாட்களைக் கடத்துவது முதியவர்களுக்கு எளிதன்று. தேவையின்றி ஒரு வாரம்கூட அவர்களைக் காக்க வைக்கக் கூடாது. ஆனால் எலும்பு தயாராகும் முன்னரே பல்லைக் கட்டி மெல்லச் செய்தால், பதித்த உள்வைப்பையே இழக்க நேரிடலாம். இவ்விரண்டுக்கும் இடையில் சரியான நாளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நாட்காட்டி ஒன்றையே நம்பியிருந்த காலம் மாறி, எலும்பின் பிடிப்பை அளந்து பார்த்து முடிவு செய்ய உதவும் கருவிகள் இப்போது உள்ளன. அந்த அளவீடு என்ன, அதில் வரும் எண்ணுக்கு என்ன பொருள், அந்த எண்ணை உயர்த்த நோயாளியும் குடும்பத்தினரும் செய்யக்கூடியவை யாவை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

உள்வைப்பும் இயற்கைப் பல்லும்

இம்ப்ளான்ட் என்று பலரும் அறிந்திருக்கும் பல் உள்வைப்பு, தாடை எலும்பினுள் பதிக்கப்படும் சிறிய திருகு. பெரும்பாலும் டைட்டானியம் உலோகத்தால் ஆனது. இழந்த பல்லின் வேருக்கு மாற்றாக அது எலும்பில் நிற்கிறது. அதன் மேல் ஓர் இணைப்புத் துண்டும், அதற்கு மேல் நாம் கண்ணால் காணும் செயற்கைப் பல்லும் பொருத்தப்படுகின்றன.

இயற்கைப் பல்லின் வேர் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று உண்டு. நாம் கடிக்கும்போது அது மெத்தைபோல் அழுத்தத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நலமான பல்லும் மிகச் சிறிதளவு அசையும். உள்வைப்புக்கு இந்த நார்த்திசு இல்லை. எலும்பு அதன் மேற்பரப்பில் நேராக வளர்ந்து பற்றிக்கொள்ள வேண்டும். அப்படிப் பற்றிக்கொள்ளாமல் இடையில் நார்த்திசு படர்ந்துவிட்டால் உள்வைப்பு நிலைக்காது. சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆடத் தொடங்கிவிடும்.

எலும்பு வளருமா, நார்த்திசு படருமா என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் முதன்மையானது அசைவு. தொடக்க வாரங்களில் உள்வைப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 150 மைக்ரானுக்கு மேல், திரும்பத் திரும்ப அசைந்தால் எலும்பு வளர்ச்சி தடைபடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டு தலைமுடிகளை அடுக்கினால் வரும் தடிமன் ஏறக்குறைய அவ்வளவே. இவ்வளவு சிறிய அசைவை நோயாளி உணர மாட்டார். மருத்துவரும் விரலால் தொட்டு அறிய முடியாது. "ஆட்டமே இல்லையே" என்று நோயாளி சொல்வதை மட்டும் வைத்து நாங்கள் முடிவெடுக்காததற்குக் காரணம் இதுதான்.

முயலின் காலெலும்பில் கிடைத்த பாடம்

டைட்டானியத்தை எலும்பு ஏற்றுக்கொள்ளும் என்ற உண்மை பல் மருத்துவ ஆய்வில் வெளிப்பட்டதன்று. சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரானெமார்க், 1952ஆம் ஆண்டுவாக்கில் எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஓடும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக முயலின் காலெலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது அது வர மறுத்தது. எலும்பு அதனோடு இறுக ஒன்றியிருந்தது. அந்த இடையூற்றை அவர் ஒரு வாய்ப்பாகக் கண்டார்.

1965ஆம் ஆண்டு கோஸ்டா லார்சன் என்பவருக்குப் பிரானெமார்க் முதன்முதலாக டைட்டானியம் பல் உள்வைப்புகளைப் பதித்தார். லார்சன் பிறவியிலேயே தாடைக் குறைபாடு உடையவர். அந்த உள்வைப்புகள் 2006ஆம் ஆண்டில் அவர் காலமாகும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்குப் பயன்பட்டன. 1982ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பின்னரே உலகப் பல் மருத்துவத் துறை இம்முறையைப் பரவலாக ஏற்றுக்கொண்டது.

பிரானெமார்க் வகுத்த நெறியில் காத்திருப்புக்கு முக்கிய இடம் இருந்தது. கீழ்த்தாடையில் பதித்தால் மூன்று மாதம், மேல்தாடையில் பதித்தால் ஆறு மாதம் வரை உள்வைப்பை ஈறுக்கு அடியில் மூடி வைத்து, அதன் பின்னரே பல் கட்டினார்கள். பாதுகாப்பான நெறிதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே கணக்கு. ஆறு வாரத்தில் தயாராகிவிடும் எலும்பும், நான்கு மாதம் ஆனாலும் தயாராகாத எலும்பும் அந்தக் கணக்கில் ஒன்றாகவே கருதப்பட்டன. ஒவ்வொருவருடைய எலும்பையும் தனித்தனியே கேட்டறிய வழி வேண்டும் என்ற தேவை இங்கிருந்துதான் எழுந்தது.

பதித்த நாளின் உறுதியும் பின்னர் வரும் உறுதியும்

பதித்த நாளன்றே உள்வைப்பு உறுதியாகத்தான் நிற்கும். மரத்தில் முடுக்கிய திருகு நிற்பதைப் போன்ற பிடிப்பு அது. இதை முதல்நிலை உறுதி என்கிறோம். அது எலும்பின் தன்மையைப் பொறுத்தது. தேக்கு மரத்தில் முடுக்கிய திருகும் முருங்கை மரத்தில் முடுக்கிய திருகும் ஒன்றுபோல் நிற்பதில்லை அல்லவா? தாடையிலும் அப்படியே. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு பொதுவாக அடர்த்தி மிக்கது. மேல்தாடையின் பின்பகுதி எலும்பு மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. லெக்ஹோம், சார்ப் ஆகிய இருவரும் 1985ஆம் ஆண்டு தாடை எலும்பை நான்கு வகையாகப் பிரித்தனர். மருத்துவர்கள் இன்றும் அந்தப் பிரிவைப் பயன்படுத்துகின்றனர்.

இரண்டாம் நிலை உறுதி வேறு. உள்வைப்பைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்து, அதன் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதால் வருவது அது. நெடுங்காலம் நிலைத்து நிற்பது இந்த உறுதிதான்.

முதல் உறுதியிலிருந்து இரண்டாம் உறுதிக்குச் செல்லும் வழியில் ஒரு பள்ளம் உண்டு. திருகைப் பதிக்கும்போது சுற்றியுள்ள எலும்பின் ஒரு மெல்லிய அடுக்கு நசுங்குகிறது. உடல் அந்தச் சேதமடைந்த பகுதியை முதலில் கரைத்து அகற்றிவிட்டுத்தான் புதிய எலும்பை உருவாக்குகிறது. பழைய பிடிப்பு தளரத் தொடங்கிவிட்டது, புதிய பிடிப்பு இன்னும் முழுமை பெறவில்லை என்ற நிலை, பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரையிலான காலத்தில் ஏற்படுகிறது. நாற்றங்காலிலிருந்து பறித்து வயலில் நட்ட நாற்றை எண்ணிப் பாருங்கள். நட்ட அன்று நிமிர்ந்து நிற்கும். அடுத்த சில நாட்கள் வாடித் துவளும். வேர் பிடித்த பிறகே பச்சை பிடித்து எழும். உள்வைப்பும் இவ்வாறு வாடி எழும் பருவம் ஒன்றைக் கடக்கிறது.

நோயாளிக்கு வலி முற்றிலும் நீங்கி, வீக்கம் வடிந்து, "எல்லாம் சரியாகிவிட்டது" என்ற எண்ணம் வருவதும் ஏறத்தாழ இதே வாரங்களில்தான். முறுக்கையும் சீடையையும் அந்தப் பக்கத்தில் வைத்துக் கடித்துப் பார்க்கத் தோன்றுவதும் அப்போதுதான். எலும்பின் பிடிப்பு மிகவும் குறைந்திருக்கும் காலமும் நோயாளியின் துணிவு மிகுந்திருக்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுவதை வீட்டிலுள்ளோர் நினைவில் கொள்ள வேண்டும்.

தட்டிப் பார்த்தல் முதல் கருவி வரை

தேங்காயையும் மண்பானையையும் தட்டிப் பார்த்து வாங்குவது நம் வழக்கம். பல் மருத்துவர்களும் நெடுங்காலம் இதையே செய்தார்கள். கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் உள்வைப்பை மெல்லத் தட்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் எலும்பு பற்றியிருக்கிறது, மந்தமாக ஒலித்தால் ஐயத்துக்கு இடம் உண்டு என்று கொள்வார்கள். பயனுள்ள சோதனைதான், ஆனால் ஒலியைக் கேட்கும் செவிக்குச் செவி முடிவு மாறும். சென்ற மாதத்து ஒலியை இந்த மாதத்து ஒலியோடு ஒப்பிடவும் முடியாது.

எக்ஸ்-கதிர்ப் படம் மற்றொரு வழி. உள்வைப்பைச் சுற்றி எலும்பு தேய்ந்துள்ளதா என்று அதில் காணலாம். ஆயினும் எலும்பிலுள்ள கனிமப் பொருள் கணிசமாகக் குறைந்த பின்னரே அந்த மாற்றம் படத்தில் தெளிவாகத் தெரியும். மேலும், படம் எலும்பின் வடிவத்தைக் காட்டுமே தவிர அதன் பிடிப்பைக் காட்டாது.

உள்வைப்பைப் பதிக்கும்போது திருகுவதற்குத் தேவைப்படும் திருப்பு விசையை அளப்பது மூன்றாம் வழி. 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவு விசை தேவைப்பட்டால் முதல்நிலைப் பிடிப்பு நன்று எனக் கொள்வது வழக்கம். பதிக்கும் நாளில் இது மிகவும் பயன்படும் தகவல். ஆனால் ஒரே ஒரு முறைதான் அளக்க முடியும். பின்னொரு நாளில் எலும்பு எப்படி இருக்கிறது என்று அறிய மீண்டும் திருகிப் பார்த்தால், வளர்ந்துகொண்டிருக்கும் இளம் எலும்பையே அது சிதைத்துவிடக்கூடும்.

ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஷுல்டே குழுவினர் உருவாக்கிய பெரியோடெஸ்ட் என்ற கருவி, தட்டிப் பார்க்கும் முறையையே எண்ணாக மாற்றியது. இயற்கைப் பற்களின் ஆட்டத்தை அளப்பதற்காகத் தோன்றிய அக்கருவி, நான்கு விநாடிகளில் பதினாறு முறை மெல்லத் தட்டி, தட்டும் முனை ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் பல்லைத் தொட்டிருக்கிறது என்பதைக் கணக்கிடுகிறது. அதன் அளவுகோல் கழித்தல் 8 முதல் 50 வரை செல்லும். அதில் எண் குறையக் குறைய உறுதி கூடுதல் என்று பொருள்.

மிருதங்கமும் உள்வைப்பும்

இன்று பரவலாகப் பயன்படும் முறை ஒத்ததிர்வு அதிர்வெண் பகுப்பாய்வு. பெயர் கடினமாக இருந்தாலும் கருத்து நமக்குப் பழக்கமானதே. திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா இருக்கிறது. மார்கழி வந்தால் சென்னை முழுதும் கச்சேரி. மேடையில் மிருதங்கக் கலைஞர் சிறு கல்லால் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோல் இறுகினால் சுருதி ஏறும்; தளர்ந்தால் இறங்கும். எந்தப் பொருளுக்கும் தனக்கே உரிய அதிர்வெண் உண்டு. அது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கேற்ப அந்த அதிர்வெண் மாறும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன், மிருதங்கம், தபலா ஆகியவற்றின் அதிர்வுகளை ஆராய்ந்து 1920ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார். இசைக் கருவியில் அவர் ஆராய்ந்த அதிர்வியலின் அடிப்படை விதிகளே இங்கு எலும்பை அறியவும் துணைசெய்கின்றன.

இம்முறையை உள்வைப்புகளுக்குப் பயன்படுத்தலாம் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த நீல் மெரடித்தும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அதன் அடிப்படையில் ஆஸ்டெல் என்ற கருவி உருவாயிற்று. உள்வைப்பின் வாய்ப்பகுதியில், முனையில் சிறு காந்தம் கொண்ட மெல்லிய உலோகக் குச்சி ஒன்றை விரலால் மெதுவாகத் திருகிப் பொருத்துகிறோம். பேனா போன்ற கருவியின் முனையை அதன் அருகே, தொடாமல் பிடிக்கிறோம். கருவியிலிருந்து வரும் காந்தத் துடிப்புகள் குச்சியை அதிரச் செய்கின்றன. அது எந்த அதிர்வெண்ணில் மிகுதியாக அதிர்கிறது என்பதைக் கருவி உணர்ந்து, 1 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது. இதற்கு ஐ.எஸ்.க்யூ. எண் என்று பெயர். இங்கு எண் கூடக் கூட உறுதி கூடுதல்.

அளவீடு சில விநாடிகளில் முடிந்துவிடும். ஊசி தேவையில்லை, கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. எலும்பு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கலாம் என்பதால், கன்னத்தின் பக்கமிருந்து ஒன்று, பல்வரிசையின் திசையிலிருந்து ஒன்று என இரண்டு திசைகளில் அளக்கிறோம். இரண்டு எண்களும் வேறுபட்டால், குறைவான எண்ணுக்கே கூடுதல் கவனம் செலுத்துகிறோம்.

எண்ணைப் படிப்பது எப்படி?

பொதுவாக 70க்கு மேற்பட்ட எண் நல்ல உறுதியையும், 60 முதல் 69 வரை இடைநிலை உறுதியையும், 60க்குக் கீழ் குறைந்த உறுதியையும் குறிப்பதாகக் கொள்கிறோம். ஆனால் இது தேர்வு மதிப்பெண் அன்று. 78 பெற்றவர் 66 பெற்றவரைவிட நலமானவர் என்று பொருள் கொள்ளக் கூடாது. உள்வைப்பின் நீளம், விட்டம், வடிவமைப்பு, அது பதிந்துள்ள இடம் ஆகிய அனைத்தும் எண்ணை மாற்றும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை. உங்கள் முதல் எண்ணோடு உங்கள் அடுத்த எண்ணை ஒப்பிடுவதே பொருளுடையது.

விளக்கத்துக்காக மூன்று கற்பனை எடுத்துக்காட்டுகளைக் காண்போம். ஒருவருக்குப் பதித்த நாளில் 76, நான்காம் வாரத்தில் 70, பத்தாம் வாரத்தில் 75 என்று எண்கள் வருகின்றன. நடுவில் குறைந்தது முன்பு சொன்ன பள்ளம். பிறகு ஏறிவிட்டது, பல் கட்டலாம். இரண்டாமவருக்கு 57, 57, 67. மென்மையான எலும்பில் தொடங்கி நிதானமாக ஏறியிருக்கிறது. இவருக்கு இன்னும் சில வாரம் பொறுத்து மீண்டும் அளந்து, எண் நிலைபெற்றபின் பல் கட்டுவது நல்லது. மூன்றாமவருக்கு 73, 67, 56. தொடக்க எண் நன்றாக இருந்தும் தொடர்ந்து இறங்குகிறது. அங்கே ஏதோ சரியில்லை என்பதற்கான முன்னறிவிப்பு இது. காரணத்தைத் தேட வேண்டும். அந்த இடத்தில் விழும் அழுத்தத்தை நீக்க வேண்டும். பல் கட்டுவதைத் தள்ளி வைக்க வேண்டும்.

மூன்றாமவருடைய நிலையில்தான் இந்த அளவீட்டின் முழுப் பயனும் வெளிப்படுகிறது. அவருக்கு வலி இல்லாதிருக்கலாம். விரலுக்கு ஆட்டம் தெரியாதிருக்கலாம். படமும் தெளிவாக இருக்கலாம். எண் இல்லையேல் குறித்த நாளில் பல் கட்டப்பட்டிருக்கும். உரிய நேரத்தில் கண்டு ஓய்வு கொடுத்தால் இத்தகைய உள்வைப்புகளில் சில மீண்டும் உறுதி பெறுகின்றன.

எல்லாருக்கும் எல்லா வாரமும் அளப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்வைப்பை ஈறுக்கு அடியில் மூடி வைத்திருந்தால், ஈற்றைத் திறக்கும் நாளில்தான் மீண்டும் அளக்க முடியும். பிடிப்பு மிகவும் குறைவாக உள்ள உள்வைப்பில் குச்சியை அடிக்கடி திருகிக் கழற்றுவதும் நன்றன்று.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளிவந்தன. இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. பல் உள்வைப்புக்காக எங்களிடம் வரும் முதியவர்களிலும் சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் ஏராளம். "சர்க்கரை இருந்தால் பல் பதிக்கவே முடியாதாமே?" என்ற அச்சத்தோடு பலர் வருகிறார்கள்.

அந்த அச்சத்துக்கு அளவீடு விடை தருகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓட்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பதித்த உள்வைப்புகளின் உறுதியை, இதே ஒத்ததிர்வு முறையில் தொடர்ந்து அளந்து 2009ஆம் ஆண்டு வெளியிட்டனர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தவர்களிடம், தொடக்க வாரங்களின் சரிவு கூடுதலாக இருந்தது. பழைய உறுதிக்கு மீண்டு வரவும் நீண்ட காலம் பிடித்தது.

இதிலிருந்து பெறும் செய்தி இரண்டு. சர்க்கரை நோய் உள்ளவருக்கும் எலும்பு வளர்கிறது. ஆகவே கதவு அடைபடவில்லை. ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எலும்பு மெதுவாக வளர்கிறது. ஆகவே பிறருக்குப் போதுமான காலம் இவருக்குப் போதாது. நாட்காட்டியைப் பார்த்துப் பத்தாம் வாரத்தில் பல் கட்டினால் ஒருவருக்கு நன்மையாக முடிவது மற்றவருக்கு இழப்பாக முடியலாம். அளந்து பார்ப்பது யாருக்குமே பயனுள்ளது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவை.

எண் சொல்லாதவை

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. உள்வைப்பு எவ்வளவு விறைப்பாகப் பிடிக்கப்பட்டுள்ளது என்பதையே இந்த எண் சொல்கிறது. உள்வைப்பின் மேற்பரப்பில் எத்தனை பங்கை எலும்பு தொட்டிருக்கிறது என்று சொல்லாது. ஈறு அழற்சியையோ, சீழையோ, தவறான கடி அமைப்பையோ அது காட்டாது. எண் 75 இருந்தும் ஈறு சிவந்து இரத்தம் கசிந்தால் அதற்கு உரிய மருத்துவம் தேவை. பல் கட்டிய பின், மேலேயுள்ள பல்லைக் கழற்றினால்தான் மீண்டும் இந்த அளவை எடுக்க முடியும். எனவே எண், எக்ஸ்-கதிர்ப் படம், ஈற்றின் நிலை, நோயாளியின் பொது உடல்நலம் ஆகிய நான்கையும் சேர்த்தே முடிவெடுக்கிறோம்.

முதல் நாளிலேயே பல் கட்டலாம் என்ற விளம்பரங்களைப் பலர் எங்களிடம் காட்டுகிறார்கள். எலும்பு அடர்த்தியாக இருந்து, திருப்பு விசையும் உறுதி எண்ணும் நன்றாக அமைந்து, கடியின் அழுத்தம் விழாதவாறு தற்காலிகப் பல்லை வடிவமைக்க இயலுமானால் அது சிலருக்குப் பொருந்தும். அது எல்லாருக்கும் உரிய முறையன்று. "எனக்கு என்ன எண் வந்தது? அடுத்த அளவீடு எப்போது?" என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை. அந்த எண்களைத் தேதியுடன் உங்கள் கோப்பில் குறித்துத் தரும்படி கேளுங்கள். பின்னாளில் வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் காட்ட நேர்ந்தாலும் அது உதவும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

உள்வைப்புக்கு முன்னரே, உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் பல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். எலும்புத் தேய்வுக்காக வாரம் ஒருமுறை உட்கொள்ளும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம் ஆகியவற்றைப் பலர் "அது மூட்டு டாக்டர் கொடுத்தது" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தாடை எலும்பு ஆறும் விதத்தை இவை மாற்றக்கூடும். முகத்திலோ கழுத்திலோ புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றிருந்தால், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு நடந்திருந்தாலும் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை உட்கொள்வோர் அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

பதித்த பின் முதல் எட்டு வாரங்களுக்கு அந்தப் பக்கத்தில் மெல்லாமல் இருப்பது நல்லது. இட்லி, இடியாப்பம், குழைந்த பருப்புச் சோறு, கூழ், நன்கு வெந்த காய்கறி, முட்டை, தயிர் ஆகியவை போதிய ஊட்டமும் தரும். முறுக்கு, சீவல், கரும்பு, எலும்போடு கூடிய இறைச்சி ஆகியவற்றுக்கு அந்தக் காலம் முடியும்வரை விடை கொடுங்கள். பழைய கழற்றும் பல் செட்டை அணிவோர், அது பதித்த இடத்தை அழுத்தாதவாறு மருத்துவரிடம் காட்டிச் சீர்செய்துகொள்ள வேண்டும். யாரும் கவனிக்காமல் உள்வைப்பை அசைத்துவிடும் பொருள்களில் அந்தப் பல் செட்டும் ஒன்று. இரவில் பற்களை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் உள்ளதா என்பதை நோயாளி அறிய மாட்டார்; உடன் உறங்குவோர்தான் சொல்ல முடியும்.

புகைப்பதும் புகையிலை மெல்லுவதும் எலும்புக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. முழுதாக விட இயலாதவர்களும், பதிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்து எலும்பு பிடிக்கும்வரை விலகி இருக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்தவாறு வாய் கொப்பளித்து, மென்மையான பிரஷ்ஷால் மற்றப் பற்களைத் துலக்கி, வாயைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். வலி குறைந்து மீண்டும் தோன்றினாலோ, ஈற்றில் சீழ் கசிந்தாலோ, தையல் பிரிந்து உலோகம் வெளியே தெரிந்தாலோ, எதுவோ சுழல்வதுபோல் உணர்ந்தாலோ, அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றே வாருங்கள்.

ஓர் உள்வைப்பு பிடிக்காமல் போனால் அத்துடன் வழி அடைபட்டுவிடுவதில்லை. அதை அகற்றி, எலும்பு ஆற விட்டு, தேவையானால் எலும்பை நிரப்பி, மீண்டும் பதிக்கலாம். ஆனால் அதற்கு மேலும் சில மாதங்களும், மேலும் ஓர் அறுவையும், மேலும் செலவும் ஆகும். சில வாரப் பொறுமையால் அவை அனைத்தையும் தவிர்க்க முடியும் என்பதாலேயே நாங்கள் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். முழு மருத்துவத்தையும் ஒரே விடுமுறையில் அடக்க முயலாதீர்கள். பதிக்கும் அறுவையின்போது நீங்கள் உடனிருங்கள். முதல் வாரத்து உணவையும் மருந்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். அடுத்த அளவீட்டுக்கு அம்மாவையோ அப்பாவையோ அழைத்து வர ஓர் உறவினரையோ அண்டை வீட்டாரையோ ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்படுங்கள். அந்த நாளில் வரும் எண்ணைத் தொலைபேசியில் கேட்டறிந்துகொள்ளலாம். எண் போதிய அளவு ஏறிய பின் கட்டும் பல்லால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் விரும்பியதை மென்று உண்ணலாம். பல் கட்டும் நாளை உங்கள் விமானச் சீட்டு முடிவு செய்ய வேண்டாம். அவர்களுடைய எலும்பு முடிவு செய்யட்டும்.